போர்வையில் தைத்த பெயர்கள்

பலர் கூடி ஒட்டுப்போர்வை தைத்து, ஏலம் விட்டு, நற்பணிக்குப் பணம் திரட்டும் வழக்கத்தில் உண்மையில் விலை போவது துணியா, பெயரா? பெயர்தான் என்பேன். முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் பெண்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக இப்படித்தான் தைத்தார்கள். சில காசு கொடுத்தவரின் பெயரைத் துணியில் பூத்தையலாகப் பதித்து, பெயர்கள் நிறைந்ததும் போர்வையை ஏலத்தில் வைத்தார்கள். ஒரே போர்வையால் ஆயிரம் டாலர் திரட்டும் வழியை 1917 டிசம்பரில் ஒரு மகளிர் இதழ் வெளியிட்டது. ஏலக்காரர் வாய் திறக்கும் முன்பே பெயர்கள் பணம் சேர்த்துவிட்டன.

காசுக்கு மதிப்பே இல்லாத இடத்தில் பெயருக்கு என்ன மதிப்பு என்பதைக் ஜொகூரின் கெலாங் பாத்தாவுக்கு அக்கரையில், சிங்கப்பூரில் பார்க்கலாம். 1942 பிப்ரவரி 8 இரவு ஜொகூரின் மேற்குப் பக்கச் சதுப்புக் கரைகளிலிருந்து ஜப்பானியப் படை நீரிணையைக் கடந்தது. ஒரே வாரத்தில் சிங்கப்பூர் வீழ்ந்தது. சாங்கி சிறையில் ஏறத்தாழ 400 பெண்களும் பிள்ளைகளும் அடைபட்டார்கள். போர்க்கைதிகளான கணவன்மார் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாது. கடிதம் எழுதவும் வழியில்லை. கனடா செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த எதெல் மல்வேனி ஆளுக்கொரு சதுரத் துணி கொடுத்து, பெயரையும் தன்னைப் பற்றிய ஏதாவது ஒன்றையும் தைக்கச் சொன்னார். சதுரங்களை 66 வீதம் இணைத்து மூன்று போர்வைகள் உருவாயின. ஒன்றைக் காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கென்று அறிவித்ததால்தான் மற்ற இரண்டும் கைதிகளின் மருத்துவமனைக்குப் போக வழி பிறந்தது என்று கருதப்படுகிறது. மனைவியின் பெயர் தைத்த சதுரமே அவள் உயிரோடு இருப்பதற்கான சேதி.

இது ஏலத்துக்குத் தைத்ததல்லவே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் ஏலப் போர்வையின் உயிர் எதில் இருக்கிறது என்பது பணத்தை நீக்கிப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. கைப்பழக்கம் இல்லாதவர்கள் தைத்தால் தையல் கோணலாகி விலை குறையும் என்பது இன்னொரு வாதம். வெறும் போர்வையாக விற்றால் குறையும்தான். பெயர்ப் போர்வையில் கோணலும் அந்தக் கையின் கையெழுத்து. அதைப் பிரித்து நேராக்கினால் அந்த ஆளே மறைந்துபோகிறார். சாங்கிப் போர்வைகளில் இரண்டை இன்று கான்பெராவின் போர் நினைவகம் காக்கிறது. மூன்றாவது பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது.

வெள்ளைக்காரப் பெண்களின் கதை நமக்கு எதற்கு என்பாரும் உண்டு. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பு செய்யத் தெரிந்த கைகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. கெலாங் பாத்தாவில் அடுத்த முறை நிதிக்காகப் போர்வை தைக்கக் கூடுகிறவர்கள், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள். முதல் சதுரங்களில் அந்தப் பெயர்களைத் தையுங்கள்.