புரவியின் வாலும் வாதுவர் மேல் விழுந்த பழியும்

வேலையின்றி வீற்றிருப்பவனை 'ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறான்' என்று எள்ளுவது நம் வழக்கம். ஆனால் ஈ ஓட்டுவது அரியணைக்கு அருகில் நின்று செய்யும் பெருமைக்குரிய பணியாகவும் இருந்திருக்கிறது. இன்று கோயில்களில் உபசாரங்களுள் ஒன்றாகிவிட்ட சாமரம், அடிப்படையில் ஈயையும் கொசுவையும் விலக்கும் கருவியே. அது கவரிமாவின் வால்மயிரால் ஆனது. ஒரு விலங்கு தன் மேல் மொய்ப்பவற்றை விரட்டிக்கொள்ளப் பெற்றிருந்த உறுப்பை மனிதன் அறுத்தெடுத்துத் தன் அரசனுக்கும் ஆண்டவனுக்கும் வீசினான் என்று சொன்னால் அது மிகையாகாது.

காஞ்சி வரதர் பிரம்மோற்சவத்தில் குதிரை வாகனத்தில் எழுந்தருளும்போதும் சாமரம் வீசப்படுகிறது. மரக்குதிரைக்கு ஈயின் தொல்லை இல்லை. உயிருள்ள குதிரைகள் இந்நகரத்தின் தெருக்களில் நடமாடிய நூற்றாண்டுகளில் அவற்றின் மேல் மொய்த்த ஈக்களை யார் ஓட்டினார்கள்? அற்பமாகத் தோன்றும் இந்த வினாவைப் பின்தொடர்ந்தால், தமிழகக் குதிரை வரலாற்றில் ஒரு சாரார் மேல் நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டிருக்கும் பழி ஒன்றை நாம் மறுபரிசீலனை செய்ய நேரிடுகிறது.

கடல் கடந்து வந்தவை

குதிரை இம்மண்ணின் விலங்கன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையில் வடதிசைப் பொருள்களோடு வெண்ணிறப் புரவிகளையும் நாவாய்கள் கொண்டுவந்த செய்தியைத் தருகிறது. அதே புலவர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையும் கடல்வழி வந்த குதிரைகளைக் குறிக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் 'குதிரைச் செட்டிகள்' தலைகாட்டுகின்றனர். மாணிக்கவாசகர் வரலாறே குதிரை வாங்கக் கொண்டுசென்ற அரசுப் பணத்தில்தான் தொடங்குகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வணிகம் உச்சத்தைத் தொட்டது. முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் காஞ்சியையும் கைக்கொண்டு நெல்லூர் வரை சென்ற நூற்றாண்டு அது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கீஸ் தீவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டிய நாட்டுக்கு அனுப்பப்பட்டதாக எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை 220 தினார் செம்பொன். வழியில் இறந்தவற்றுக்கும் அரசே விலை கொடுத்தது. இதற்கான செலவு கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் கோயில் சார்ந்த வரிகளிலிருந்தும் எடுக்கப்பட்டது என்று அவர் கூறுவதைக் கோயில் நகரங்களின் வரலாறு எழுதுவோர் கருத்தில் கொள்ளவேண்டும்.

விசயநகரக் காலத்திலும் இந்தப் பசி அடங்கவில்லை. 1535ஐ ஒட்டி எழுதிய போர்த்துகீசியர் நூனிஸ், ஆண்டுதோறும் 13,000 குதிரைகளை அரசர் வாங்கியதாகக் குறிக்கிறார். சாளுவ நரசிம்மனைப் பற்றி அவர் தரும் செய்தி இன்னும் வியப்பானது. உயிரோடு வந்தாலும் இறந்து வந்தாலும் மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் என்று அம்மன்னன் விலை பேசியிருந்தானாம். கடலில் இறந்த குதிரைக்குச் சான்றாக வணிகர்கள் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டிப் பணம் பெற்றுச் சென்றார்களாம். குதிரைக்கு இயற்கை கொடுத்த ஈயோட்டி, வணிகனின் பற்றுச்சீட்டாக மாறிய கதை இது. வரதர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கற்புரவிகள் இந்த விசயநகரக் காலத்தின் பிள்ளைகளே.

மாண்டவையும் பழி சுமந்தவர்களும்

இத்தனை குதிரைகள் ஏன் ஆண்டுதோறும் தேவைப்பட்டன? வந்தவை மாண்டதால்தான். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினாலும் ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. காரணமும் அவரே சொல்லிவிடுகிறார். இந்நாட்டாருக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது. சோற்றோடு இறைச்சியைச் சமைத்து ஊட்டுகிறார்கள். குதிரை மருத்துவர் இல்லை. குதிரைகள் சாகச் சாகத் தங்களுக்கு இலாபம் என்பதால் வணிகர்கள் மருத்துவர்களை வரவிடுவதுமில்லை. வஸ்ஸாஃபும் ஏறத்தாழ இதையே பாடுகிறார். வறுத்த பார்லி, நெய்யிட்ட தானியம், காய்ச்சிய பால் ஆகியவற்றைக் கொடுத்து, நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டிவைத்துக் கொழுக்கவிட்டுப் பின் பயிற்சியின்றி ஏறி ஓட்டுகிறார்கள். சுறுசுறுப்பான குதிரைகள் விரைவிலேயே மெலிந்து, தளர்ந்து, மந்தமாகிப் பயனற்றுப் போகின்றன என்பது அவர் கூற்று.

பின்வந்த வரலாற்று நூல்கள் பலவும் இவ்விருவர் தீர்ப்பை வழிமொழிந்தன. 'தமிழனுக்குக் குதிரை பேணத் தெரியாது' என்பது ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. குதிரை பேணிய வாதுவர்கள் எழுதிவைத்துச் செல்லவில்லை. எழுதியவர்கள் வெளியூர்க்காரர்கள். வழக்கில் ஒரு தரப்பு மட்டுமே பேசியிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இத்தனைக்கும் போலோ நூலின் ரமூசியோ வடிவத்தில், இந்நாட்டின் தட்பவெப்பமே குதிரைக்கு ஒவ்வாதது என்னும் கருத்தும் இடம்பெற்றிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நம் ஏரிக்கரைக்கு வருவோம்.

ஏரியும் ஈயும்

காஞ்சி வட்டாரம் ஏரிகளின் நாடு. கூரத்துப் பரமேசுவர தடாகம், உத்திரமேரூர் வயிரமேக தடாகம் எனப் பல்லவர் பெயரைத் தாங்கிய நீர்நிலைகள் முதல் தென்னேரி, மதுராந்தகம் வரை இங்கு வாழ்வு ஏரியை நம்பியது. ஏரியால் நெல் விளைந்தது. நெல்லால் கோயில் நிலைத்தது. அதே ஈரம்தான் இன்னொன்றையும் வளர்த்தது.

விலங்கியலார் தபானிடே குடும்பம் என்றழைக்கும் குதிரை ஈக்கள், நீரை ஒட்டிய செடிகளிலும் இலைகளிலும் முட்டையிடுகின்றன. புழுக்கள் சேற்றில் வளர்கின்றன. பெண் ஈதான் கடிக்கும். கத்தி போன்ற வாயுறுப்பால் தோலைக் கீறி, வழியும் குருதியை நக்கும். வெயில் ஏறிய பகற்பொழுதே அதற்கு உகந்த நேரம். இன்னொன்று கொட்டில் ஈ. பார்வைக்கு வீட்டு ஈயைப் போலிருக்கும். ஆனால் ஊசி போலக் குத்தும். சாணமும் சிறுநீரும் கலந்து மக்கிய வைக்கோலே அதன் தொட்டில். கோடையில் முட்டை ஈயாக ஏறத்தாழ இரண்டு மூன்று வாரம் போதும்.

இவற்றுக்கு எதிராகக் குதிரைக்கு இயற்கை கொடுத்த கருவிகள் நான்கு: வால், பிடரிமயிர், காலை உதறும் ஆற்றல், தோலை அமர்ந்த இடத்திலேயே சிலிர்க்கவைக்கும் தோலடித் தசை. நெடுநல்வாடையின் பாசறைக் காட்சியில் சேணம் களையப்படாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று மேலே விழும் மழைத்துளிகளை உதறுகின்றன. துளியை உதறும் அந்த நடுக்கமே ஈயை உதறும் நடுக்கமும். இனி வஸ்ஸாஃபின் நாற்பது நாள் கட்டை எண்ணிப் பாருங்கள். முளையும் கயிறுமாய்க் கால்கள் பிணைக்கப்பட்ட குதிரைக்கு எஞ்சுவது வாலும் தோலும் மட்டுமே. வெற்றுடல் அளவில் அது ஈக்களுக்கு விரித்த இலை.

கடியைவிடக் கொடியது

கடியால் மட்டும் குதிரை மாள்வதில்லை. 1880ஆம் ஆண்டில், அப்போது பஞ்சாபைச் சேர்ந்திருந்த தேரா இஸ்மாயில்கானில், கிரிஃபித் எவான்ஸ் என்னும் படைக் கால்நடை மருத்துவர் நோயுற்ற குதிரைகள், ஒட்டகங்கள் ஆகியவற்றின் குருதியில் நெளியும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். நோயின் பெயர் 'சுர்ரா'. அழுகியது என்னும் பொருள்படும் இந்திச் சொல் அது. நுண்ணுயிர்தான் நோய்க்குக் காரணம் என்ற அவர் கருத்தை மேலிடம் உடனே ஏற்கவில்லை. இன்று அந்த உயிரி டிரிப்பனோசோமா எவான்சி என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1901இல் லியோனார்டு ராஜர்ஸ், குதிரை ஈக்கள் இந்நோயைப் பரப்புவதைச் சோதனை மூலம் காட்டினார்.

பரவும் முறை எளியது. ஒரு குதிரையைக் கடித்துக்கொண்டிருக்கும் ஈயை வால் அடித்து விரட்டுகிறது. பாதி உணவில் எழுந்த ஈ, வாயில் ஈரம் காயுமுன் பக்கத்துக் குதிரையின் மேல் அமர்கிறது. ஈயை விரட்டும் வாலே நோயை அடுத்த விலங்குக்கு அனுப்பிவைக்கும் முரண் இது. குதிரைகள் நெருக்கமாக நின்ற பந்தியில் இது எத்துணை எளிதென்று விளக்கவேண்டியதில்லை. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மாடும் எருமையும் இந்நோயைப் பெரும்பாலும் வெளித்தெரியாமல் தாங்கி நிற்க வல்லவை. மாடுகள் நிறைந்த வேளாண் நாட்டில், அண்டையில் மேயும் மாடே நோயின் சேமிப்பறையாகிவிடக் கூடும். குதிரைக்கோ மருத்துவம் இல்லாவிடில் அது பெரும்பாலும் சாவோலை.

அறிகுறிகளைப் பாருங்கள்: விட்டுவிட்டு வரும் காய்ச்சல், குருதிச்சோகை, கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம், தளர்ச்சி. வயிறார உண்டுகொண்டே உடல் உருகுவது இந்நோயின் தனித்தன்மை. வஸ்ஸாஃப் வருணித்த மெலிந்து தளர்ந்து மந்தமான குதிரை நம் கண்முன் நிற்கவில்லையா?

நாம் இங்கே ஒரு கருத்தை முன்வைக்கிறோம். இது ஊகமே, கல்வெட்டுச் சான்று காட்டி நிறுவத்தக்கதன்று. தின்று தின்றும் இளைத்துப்போகும் விலையுயர்ந்த குதிரையின் முன் நின்ற வாதுவன் என்ன செய்திருப்பான்? இளைத்த பிள்ளைக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் செய்வதையே செய்திருப்பான். நெய்யும் பாலும் கூட்டியிருப்பான். அயலார் கண்டது அந்த ஊட்டத்தை. சாவுக்குக் காரணம் அதுவே என்று முடிவு கட்டினார்கள். அவ்வுணவு குதிரையின் குடலுக்கு நல்லதன்று என்பது உண்மை. ஆயினும் அது நோயின் காரணமாக மட்டுமன்றி, நோயைக் கண்டு பதறியதன் விளைவாகவும் இருந்திருக்கலாம் அல்லவா?

அவர்கள் அறிந்திருந்தவை

அறியாமையே எங்கும் ஆட்சி செய்தது என்பதும் பொருந்தாது. அர்த்தசாத்திரத்தின் குதிரைக் கண்காணிப்பாளர் பற்றிய பகுதி, ஒவ்வொரு குதிரைக்கும் தனி இடம், வழவழப்பான பலகைத் தளம், சாணமும் சிறுநீரும் வெளியேற வழி ஆகியவற்றை வகுத்துரைக்கிறது. கொட்டில் ஈயின் தொட்டிலை அகற்றும் ஏற்பாடு அது. இன்றைய கால்நடை மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரையும் அதுவே. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரச் சுவடியைத் தஞ்சை சரசுவதி மகால் 1952இல் வண்ணப் படங்களோடு பதிப்பித்தது. நம் சிற்றூர்களில் அந்தி சாயும் வேளையில் தொழுவத்தில் வேப்பிலையும் நொச்சியும் இட்டு மூட்டம் போடும் வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. கவரிமயிரால் ஆன தலையாட்டம் என்னும் நெற்றியணியும், குதிரை வாகனத்தின் முகத்தில் ஊசலாடும் குஞ்சலமும் நமக்கு அழகாகத் தெரிகின்றன. உயிருள்ள குதிரைக்கு அவை கண்ணோரத்து ஈயை விலக்கும் திரைகளுமாகும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். 2010இல் காபோர் ஹோர்வாத் தலைமையிலான ஹங்கேரி ஆய்வாளர்கள், கருங்குதிரைகளைவிட வெண்குதிரைகளைக் குதிரை ஈக்கள் குறைவாகவே நாடுகின்றன என்று காட்டினர். கரிய தோலில் பட்டுத் தெறிக்கும் ஒளி, நீர்ப்பரப்பில் தெறிக்கும் ஒளியைப் போல ஈக்களை ஈர்க்கிறதாம். 2019இல் டிம் காரோவும் குழுவினரும் குதிரைகளுக்கு வரிக்குதிரைக் கோடுகள் இட்ட போர்வையைப் போர்த்திப் பார்த்தபோது, நெருங்கி வந்த ஈக்கள் அமர முடியாமல் தடுமாறின. நீர்ப்பெயற்றில் வந்திறங்கியவை வெண்புரவிகள். இளந்திரையன் பாணனுக்கு அளித்த தேரில் பூட்டியவையும் வெண்பிடரிப் புரவிகளே. பழந்தமிழர் இந்த ஒளியியலை அறிந்திருந்தனர் என்று முழங்க நாம் முற்படவில்லை. வெண்மை அவர்களுக்குப் பெருமை; ஏரி நாட்டில் அந்தப் பெருமை குதிரைக்குச் சற்றே நிம்மதியையும் தந்திருக்கும் என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

தீர்ப்பு

சுர்ராவுக்கு இன்று குயினாபிரமின் போன்ற மருந்துகள் உண்டு, தடுப்பூசி இல்லை. ஆகவே நாள்தோறும் சாணம் அகற்றல், கொசுவலை, முகத்திரை, மின்விசிறி, நோயுற்றதைப் பிரித்துக் கட்டுதல் ஆகியவையே இன்றும் காப்பு. நுண்ணோக்கியும் மருந்தும் கைவந்த பிறகும் நம்மால் ஈயை ஒழிக்க முடியவில்லை, விலக்கத்தான் முடிகிறது. வெறும் வேப்பிலைப் புகையோடும் ஒரு கைச்சாமரத்தோடும் அதனை எதிர்கொண்ட மனிதர்களைத் திறனற்றவர்கள் என்பது எவ்வகையில் நேர்மை?

பிழை அவர்களிடம் அறவே இல்லை என்று நாம் வாதிடவில்லை. கட்டிவைத்ததும் கண்டதை ஊட்டியதும் தீங்கு செய்தே இருக்கும். ஆனால் ஈர நிலத்து ஈயையும், கருதாமல் நோய் சுமந்த மாட்டையும், மருத்துவனை வரவிடாத வணிகனையும் கணக்கில் சேர்க்காமல் எழுதப்பட்ட தீர்ப்பு முழுமையானதன்று. போர் வென்ற மன்னனுக்கு மெய்க்கீர்த்தி இருக்கிறது. குதிரை விற்ற செட்டிக்குக் கல்வெட்டு இருக்கிறது. கற்குதிரைக்கும் மண்டபம் இருக்கிறது. சாணம் அள்ளி, புகை மூட்டி, இரவெல்லாம் ஈ ஓட்டிய வாதுவனுக்கு எஞ்சியது பழிச்சொல் ஒன்றே. அதில் பாதியையேனும் இறக்கிவைப்பது வரலாறு பயில்வோர் கடமை.