இல்லக் கணினியும் தமிழ்த் தனிப்பக்கமும்: எழுத்துரு உதவிக் குறிப்புக்கள் பற்றிய ஓர் ஆய்வு

தமிழ் இணையத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மாநாட்டுத் தீர்மானங்களையும் அரசாணைகளையும் தரக்குழுக்களின் அறிக்கைகளையுமே சான்றாகக் கொண்டுள்ளனர். அவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயின், 1995ஆம் ஆண்டுக்கும் 2005ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தே, தம் வீட்டுக் கணினியில் தமிழைக் காணவும் தமக்கென ஒரு பக்கம் அமைக்கவும் முயன்ற எளிய மக்களுக்காக எழுதப்பெற்ற உதவிக் குறிப்புக்கள் போதிய அளவிற் கருதப்பெற்றில. 'முதற்கண் எழுத்துருவை இறக்கிக் கொள்க' என்னும் பொருள்படத் தொடங்கும் அச்சிறு குறிப்புக்களை யாம் முதன்மையான வரலாற்றுச் சான்றுகளாகவே கருதுகின்றோம். அக்காலத் தமிழ்ப் பக்கங்களை இன்று படிப்பதற்கே அவற்றின் துணை வேண்டும் என்பதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலகளாவிய வலையின் தோற்றம் பலரும் அறிந்தது. ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. செனீவாவை அடுத்துள்ள செர்ன் ஆய்வுக் கூடத்தில் டிம் பெர்னர்சு-லீ 1989இல் முன்வைத்த திட்டம், 1993 ஏப்பிரல் 30ஆம் நாள் யாவர்க்கும் உரிமையாக விடப்பெற்றது. அவ்வாண்டிலேயே மொசைக் என்னும் உலாவியும் வெளிவந்தது. இந்திய நாட்டில் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்கட்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. அவ்விணைப்பைப் பெற்ற முதல் நகரங்களுள் சென்னையும் ஒன்று. எனினும் குறைந்த கட்டணத்தில் மாணவர்க்குக் கிடைத்த இணைப்பு உரோமன் எழுத்துக்களை மட்டுமே திரையிற் காட்ட வல்லது. படமும் இல்லை, தமிழும் இல்லை. ஆதலின், தமிழ்த் தனிப்பக்கம் முதற்கண் வேரூன்றியது தமிழகத்தில் அன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆத்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழ்ந்த தமிழரிடையே எனல் பொருந்தும். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழ்க் கவிதைகளை வலையேற்றுதற்குரிய முறையை வகுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்னும் செயலி பிற நாட்டுத் தமிழரிடத்தும் பரவியது.

தனிப்பக்கம் அமைத்தற்கு இடம் வேண்டும். அவ்விடத்தைப் பொருள் பெறாது வழங்கிய நிறுவனங்களுள் தலையாயது ஜியோசிட்டீஸ். டேவிட் போனெட்டு, ஜான் ரெஸ்னர் என்னும் இருவர் 1994இல் வேறொரு பெயரில் தொடங்கிய அந்நிறுவனம், தன் இடப்பரப்பை நகர்ப்புற வட்டாரங்களைப் போலப் பிரித்துப் பெயரிட்டது. திரைப்படம் பற்றி எழுதுவோர்க்கு ஆலிவுட்டும், கணினி பற்றி எழுதுவோர்க்குச் சிலிக்கான் பள்ளத்தாக்கும், கல்வியும் மெய்ப்பொருளும் பற்றி எழுதுவோர்க்கு ஆதென்சும் குறிக்கப்பெற்றன. வட்டாரப் பெயருடன் சேர்ந்த ஓர் எண்ணே ஒருவரது மனையின் முகவரி. சுவிட்சர்லாந்தின் உலோசான் நகரிலிருந்து கு. கல்யாணசுந்தரம் அமைத்த தமிழ் மின்னூலகம் ஆதென்சு வட்டாரத்து 5180ஆம் மனையில் இருந்தது. அவர் முன்னின்று 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்று யாவரும் அறிந்தது. பழந்தமிழ் நூல்களின் மின்பதிப்பு முயற்சி பல்கலைக்கழகக் கட்டடங்களில் அன்றி, இத்தகைய இலவச மனைகளில் வளர்ந்தது என்பதைத் தமிழ்த்துறையினராகிய யாம் சற்றே நாணத்துடன் குறிக்கின்றோம்.

மனை பெற்றவர்க்குத் தொடக்கத்தில் வாய்த்த இடம் இரண்டு மெகாபைட்டு. நொடிக்கு 28,800 துணுக்குகள் செல்லும் மோடத்தில் ஐம்பது கிலோபைட்டுப் படமொன்று வந்து சேர ஏறத்தாழப் பதினான்கு நொடிகள் ஆகும். ஆதலின் படங்களைச் சிறிதாக்குக என்பது உதவிக் குறிப்புக்களில் தவறாது இடம்பெறும் அறிவுரை. ஏனைய அறிவுரைகளும் பட்டறிவினின்று பிறந்தனவே. தம் கணினியில் அழகுறத் தோன்றிய பக்கம் வலையேற்றிய பின் படமின்றி நிற்கக் கண்டு வருந்தியோர் பலர். படத்தின் இருப்பிடம் வீட்டுக் கணினியின் 'சி' வட்டைச் சுட்டியிருத்தல் ஒரு காரணம். பெயர் முழுதும் பெரிய எழுத்தாலமைந்த கோப்பினைச் சிறிய எழுத்தால் அழைத்தல் மற்றொரு காரணம். விண்டோசு இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, யூனிக்சு வழங்கி பொருட்படுத்தும். உரோமன் எழுத்தின் பெரிய, சிறிய வடிவ வேறுபாடு இல்லாத மொழியிற் பயின்றோர் இதனாற் பெரிதும் இடர்ப்பட்டிருப்பர் என எண்ணுதற்கு இடமுண்டு. ஆயினும் ஆங்கிலம் அறிந்தோரும் இதே பிழையைச் செய்தனர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தமிழர்க்கே உரிய இடர் எழுத்துருவைப் பற்றியது. அக்காலக் கணினி ஓர் எழுத்தைக் குறிக்க 256 இடங்களையே தந்தது. அவற்றுள் முற்பாதி உரோமன் எழுத்துக்கட்கு உரியது. எஞ்சிய பாதியில் தமிழின் 247 எழுத்துக்களும் அடங்கா. ஆதலின் மெய்யையும் உயிர்க்குறியையும் பிரித்து வைத்துத் திரையிற் சேர்த்துக் கொண்டனர். இவ்வாறு வைத்தலில் ஒருவர் முறை மற்றொருவர்க்கு ஒவ்வாதாயிற்று. ஈழத் தமிழரிடையே மிகுதியாக வழங்கிய பாமினி எழுத்துரு, தட்டச்சுப் பலகையின் அமைப்பைத் தழுவி உரோமன் எழுத்துக்களின் இடத்திலேயே தமிழை வைத்தது. இணையக் குழுவினர் கூடி வகுத்த தகுதரம், அதாவது திஸ்கி, உரோமனைக் கீழே நிறுத்தித் தமிழை மேற்பாதியில் அமைத்தது. சென்னையில் 1999 பிப்பிரவரித் திங்களில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியே தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு முறைகளை ஏற்றது. இதழ்களும் செய்தித்தாள்களும் தத்தமக்கென வேறு எழுத்துருக்களை வைத்துக் கொண்டன. ஒரு நாளிதழும் ஒரு வார இதழும் ஒரு நண்பர் பக்கமும் படிக்க விரும்பிய ஒருவர் மூன்று எழுத்துருக்களை நிறுவிக் கொள்ள நேர்ந்தது.

இனி, உதவிக் குறிப்பின் அமைப்பை நோக்குவோம். அது பெரும்பாலும் நான்கு செயல்களைக் கூறும். சுருக்கிய கோப்பினை இறக்குதல் ஒன்று; அதனை விரித்துக் கட்டுப்பாட்டகத்தின் எழுத்துரு உறையில் இடுதல் இரண்டு; உலாவியின் பட்டியலில் எழுத்துக் குறியீட்டைப் 'பயனர் வரையறுத்தது' என மாற்றுதல் மூன்று; அவ்வரையறைக்குரிய எழுத்துருவாக இறக்கியதனைத் தேர்தல் நான்கு. மூன்றாம் செயலைத் தவறவிட்டோர் தமிழுக்கு ஈடாக மேனாட்டு உயிரெழுத்துக்களின் மேற்குறிகளையும் நாணயக் குறிகளையும் கண்டனர். நான்கினையும் பிழையறச் செய்தோர்க்கும் இடர் முற்றும் நீங்கிற்றில்லை. தகுதரத்தில் 173ஆம் இடம் 'இ' என்னும் உயிருக்கு அளிக்கப்பெற்றிருந்தது. மேனாட்டு வழக்கில் அவ்விடம் வரியிறுதியில் மட்டும் தோன்றும் மறைகோட்டிற்கு உரியது. ஆதலின் சில செயலிகள் 'இ'கரத்தைக் காட்டாது விழுங்கின. 'இலக்கியம்' என்பது 'லக்கியம்' எனவும், 'இனி' என்பது 'னி' எனவும் நின்ற பக்கங்களைப் பதிப்பிப்போர் அதனை எழுதியவர் பிழை எனக் கொள்ளல் ஆகாது.

இவ்வுதவிக் குறிப்பில் ஒரு முரண் உண்டு. தமிழைப் படிக்கும் வழியைத் தமிழிற் கூறினால், அவ்வழி தேவைப்படுவோர்க்கு அது தெரியாது. தெரிவோர்க்கு அது தேவையில்லை. ஆதலின் எழுதியோர் மூவகை வழிகளைக் கையாண்டனர். சிலர் ஆங்கிலத்தில் எழுதினர். சிலர் தமிழையே உரோமன் எழுத்தால் எழுதினர். சிலர் தமிழ்க் குறிப்பைப் படமாக்கி ஒட்டினர். மூன்றாம் வழி அன்று இழிவாகக் கருதப்பட்டது. படம் மெல்ல வரும், தேடவும் இயலாது. ஆயின் காலம் அதனை வேறாகத் தீர்த்தது. எழுத்தாக இட்டவை இன்று திரையிற் குப்பையாகத் தோன்ற, படமாக இட்டவையே அன்று போல் விளங்குகின்றன. எழுத்துருவைப் பக்கத்தோடு உடன் அனுப்பும் இயங்கு எழுத்துரு முறைகளை நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டும் 1997ஐ ஒட்டித் தனித்தனியே தந்தன. ஒன்றனை மற்றொன்று ஏற்காமையின் அவையும் நிலைபெற்றில.

ஒருங்குறி இவ்விடர்களைத் தீர்த்தது எனப் பொதுவாகக் கூறுவர். அது மெய்யே, ஆயின் விரைவில் நேர்ந்ததன்று. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோசு 2000 வெளிவரும் வரை மைக்ரோசாஃப்ட்டின் இயக்க முறை எதுவும் அதனைக் கையாளவில்லை. 2001இல் வந்த விண்டோசு எக்சு.பி.யிலும், கூட்டெழுத்து மொழிகட்கான கோப்புக்களை நிறுவல் வட்டினின்று தனியே ஏற்றிக் கொள்ளல் வேண்டும். வட்டு கையில் இல்லாதோர்க்கு 'கொ' என்பது சிதைந்தே தோன்றியது. தமிழக அரசு ஒருங்குறியை முறையாக ஏற்றது 2010இல் தான். எனவே, இரண்டாயிரத்தின் முற்பகுதியில் எழுந்த உதவிக் குறிப்புக்கள் ஒரே பக்கத்தில் பழைய முறையையும் புதிய முறையையும் அருகருகே கூறுதல் இயல்பாயிற்று. ஆண்டுக் குறிப்பில்லாப் பக்கத்தின் காலத்தை உறுதி செய்ய இதுவே நல்ல அளவுகோல் என்பது எம் கருத்து.

இவ்வாய்வு இன்று ஏன் வேண்டும் எனின், அப்பக்கங்கள் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. ஜியோசிட்டீஸை யாகூ நிறுவனம் 1999இல் ஏறத்தாழ 357 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. பத்தாண்டு கழித்து, 2009 அக்டோபர் 26ஆம் நாள், மூடிவிட்டது. தன்னார்வலர் குழு ஒன்று மூடுவதற்கு முன் இயன்ற அளவு படியெடுத்து 2010இல் பொதுவில் வெளியிட்டது; சான் பிரான்சிசுக்கோவிலுள்ள இணைய ஆவணகமும் பலவற்றைக் காத்துள்ளது. ஆயின் பக்கம் காக்கப்பெற்றது என்பதனால் தமிழ் காக்கப்பெற்றதாகாது. எழுத்துரு தனிக்கோப்பு, அது வேறொருவர் மனையில் இருந்திருக்கும், படியெடுப்போர் அதனை விட்டிருத்தல் கூடும். ஏட்டினைக் காத்து, அதன் எழுத்தறிந்தாரை இழந்தமை போன்றது இது.

ஈண்டுதான் உதவிக் குறிப்பு ஏட்டின் இறுதிக் குறிப்பினை ஒத்த பயன் தருகின்றது. பக்கம் எந்த எழுத்துருவில் அமைந்தது, எங்கிருந்து பெறப்பட்டது, எந்தப் பதிப்பு என்பன அதிற் காணப்படும். மீ உரைக் குறிகளுக்குள்ளும் எழுத்துருவின் பெயர் மறைந்திருக்கும். பழம் பக்கங்களைத் திரட்டும் அன்பர்கள் உரையை மட்டும் நகலெடுத்துக் குறிகளைக் களைதல் வழக்கமாக உள்ளது. அவ்வாறு செய்தல் பாடத்தைத் திறக்கும் திறவுகோலைத் தாமே எறிதலாகும். குறிகளோடு கூடிய மூலத்தையே காத்தல் வேண்டும்.

மாற்றுங்காலும் ஒரு நுட்பம் கருதற்பாலது. பழைய முறைகள் கண்ணாற் காணும் வரிசையில் எழுத்தை வைத்தன. 'கெ' என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கும். ஒருங்குறி ஒலிக்கும் வரிசையில் வைப்பது. அதில் ககரம் முன், கொம்பு பின். 'கொ' என்பது பழைய முறையில் கொம்பு, ககரம், கால் என மூன்றாகப் பிரிந்து நிற்க, ஒருங்குறியில் ககரமும் ஓர் உயிர்க்குறியுமாக அமையும். இடத்தை மட்டும் மாற்றி வரிசையை மாற்றாத கருவி, கொம்பினை முந்தைய எழுத்தின் மேல் ஏற்றிச் சொல்லையே சிதைத்துவிடும்.

எழுத்துருவின் பெயர் முற்றும் இழக்கப்பெற்ற பக்கங்களும் உள. அவற்றை அறியவும் வழியுண்டு. பாமினியில் 'தமிழ்' என்னும் சொல், எழுத்துரு நீங்கியவிடத்து, சிறிய உரோமன் எழுத்துக்களாகிய ஜே, கே, பி, ஓ என்னும் நான்கும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும்; 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச்சு எனத் தோன்றும். அம்முறையில் அரைப்புள்ளி மெய்யின் புள்ளிக்கு உரிய இடம். தமிழில் மெய்யெழுத்து மிகுதியாகப் பயில்வதால், பொருளற்ற உரோமன் எழுத்துக்களுக்கிடையே அரைப்புள்ளி சொல்தோறும் விரவி வரும் பக்கத்தைக் கண்டவுடன் அது பாமினியோ எனச் சோதித்துப் பார்க்கலாம். மேற்பாதி எழுத்துக்களே நிறைந்த பக்கமாயின் தகுதரத்தையும் டாபினையும் முறையே வைத்துப் பார்த்தல் வேண்டும்.