முதல் இசைத்தட்டும் பின்வந்த புகழும்

“முதற் கோணல் முற்றும் கோணல்” என்பது நம்மவருள் நெடுநாளாக வழங்கிவரும் பழமொழி. தொடக்கம் பிழைபடின் முடிவும் பிழைபடும் என்று அஃது எச்சரிக்கின்றது. ஆயின், தொடக்கமே அளவிறந்து செம்மையுற்றுவிடின் பின் விளைவது யாது என்பதைப் பற்றி அப்பழமொழி ஒன்றும் கூறிற்றில்லை. அரங்கேற்றத்தன்றே பெரும்புகழ் எய்தி, அதன்பின் எத்துணை முயன்றும் அப்புகழை மீண்டும் எட்டாத இசைவாணர் மேல்நாடுகளிற் பலர் உளர். அவருள் மூவருடைய வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதனின்றும் நம் இல்லங்களுக்குப் பயன்படத்தக்கது யாதென ஆராய்வதே ஈண்டு எமது கருத்து.

மேல்நாட்டு இசைவாணர் எட்டு அல்லது பத்துப் பாட்டுக்களை ஒருங்கு சேர்த்து ஒரே வெளியீடாகத் தருவதை ஆல்பம் என்பர். யாம் அதனை இசைத்தொகுதி என்று வழங்குவாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு தொகுதி பத்து இலட்சம் பிரதிகள் சென்றால், அந்நாட்டு இசைத்தட்டுத் தொழிலார் சங்கத்தினர் அதற்குப் பிளாட்டினம் என்னும் சான்று அளிப்பர். இக்கட்டுரையிற் காணும் தொகைகளுட் பெரும்பாலன அச்சான்றுகளை ஒட்டியனவேயாம்.

முதலாவதாக, டாம் ஷோல்ஸ் என்பாரைக் காண்பாம். இவர் 1947-ஆம் ஆண்டில் ஓஹையோ மாகாணத்து டொலிடோ நகரிற் பிறந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று முதுநிலைப் பட்டமும் பெற்றவர். எடுத்தவுடனே படம் தரும் நிழற்படக் கருவிகளைச் செய்த போலராய்ட் கம்பெனியில் எஞ்சினீயராய் அமர்ந்தவர். பகலிற் கம்பெனி வேலை. அஃது ஒழிந்த நேரமெல்லாம் வாட்டர்டவுன் என்னும் ஊரில், வீட்டு நிலவறையில் தாமே அமைத்துக்கொண்ட ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைவேலை. கித்தார், ஆர்கன் முதலிய கருவிகளுட் பெரும்பாலனவற்றைத் தாமே ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துப் பதிந்து, அவற்றின்மேற் பிராட் டெல்ப் என்னும் பாடகரின் குரலை ஏற்றினார். அவர் அனுப்பிய மாதிரிகளை இசைத்தட்டுக் கம்பெனிகள் பலவும் திருப்பிவிட்டன. பல ஆண்டுகள் இங்ஙனம் கழிந்தபின், எப்பிக் என்னும் கம்பெனியார் ஏற்றுக்கொண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பெரிய கூடத்தில் அனைத்தையும் புதிதாகப் பதிதல் வேண்டும் என்று விதித்தனர். ஷோல்ஸோ குழுவினரை அந்நகருக்கு அனுப்பிவிட்டுத் தாம் தம் நிலவறையிலேயே தங்கிப் பெரும்பகுதியையும் செய்து முடித்தார்.

‘பாஸ்டன்’ என்னும் பெயருடன் 1976-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்த அத்தொகுதி, ஐக்கிய நாடுகளில் மட்டும் 1 கோடியே 70 இலட்சம் பிரதிகளுக்குச் சான்று பெற்றது. 1978-இல் வந்த இரண்டாம் தொகுதி 70 இலட்சமும், 1986-இல் வந்த மூன்றாம் தொகுதி 40 இலட்சமும், 1994-இல் வந்த நான்காம் தொகுதி 10 இலட்சமும் பெற்றன. இதில் ஒரு வியப்பு உண்டு. வாரந்தோறும் வெளியிடப்பெறும் விற்பனை வரிசையில் முதல் தொகுதி மூன்றாம் இடத்திற்கு மேல் ஏறவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் முதலிடத்தையே பிடித்தன. பெயர் முன்னே பரவியிருந்தமையின் மக்கள் விரைந்து வாங்கினர். ஆயின், முதல் தொகுதியைப்போல் ஆண்டாண்டாக வாங்கினாரல்லர். எழுபது இலட்சம் சென்றதைத் தோல்வி என்பாரும் உளரோ எனின், முன்னது அதனின் இருமடங்கிற்கும் மேற்பட்டிருந்தமையின் உளர்.

இறக்கத்திற்குக் காரணம் யாது? முதல் தொகுதிக்கு எவரும் நாள் குறிக்கவில்லை. இரண்டாவதற்கோ கம்பெனியார் ஓயாது நெருக்கினர். அது முற்றுப்பெறுமுன் வெளியிடப்பட்டதென ஷோல்ஸ் மனங்குறைந்தார். ஆதலின் மூன்றாவதை எவர் சொல்லுக்கும் இசையாது தம் விருப்பம்போற் செய்யப் புகுந்தார். எட்டாண்டுகள் சென்றன. காலந்தாழ்த்தினார் என்று கம்பெனியார் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கில் 1990-ஆம் ஆண்டில் ஷோல்ஸே வென்றார். ஆனால் வழக்குமன்றத்திற் கழிந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தருவதில்லை.

இரண்டாவதாக, டிரேசி சாப்மன் என்னும் பாடகியார். 1964-ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரிற் பிறந்த இவர், டஃப்ட்ஸ் சர்வகலாசாலையில் மானிடவியல் பயின்றுகொண்டே, ஹார்வர்டு சதுக்கத்துத் தெருவோரத்தில் கித்தாருடன் நின்று பாடிவந்தார். உடன்பயின்ற மாணவர் ஒருவரின் முயற்சியால் இசைத்தட்டு உலகிற்கு அறிமுகமானார். அவருடைய முதல் தொகுதி 1988-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், அந்நாளிற் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலா அவர்களின் எழுபதாம் பிறந்தநாளை முன்னிட்டு, இலண்டன் வெம்பிளி அரங்கிற் பேரிசை விழாவொன்று நிகழ்ந்தது. சாப்மன் பிற்பகலிலேயே தம் பாட்டுக்களைப் பாடி முடித்துவிட்டார். மாலையிற் பாடவேண்டிய ஸ்டீவி ஒண்டர் என்னும் பெரும்புகழ்ப் பாடகரின் இசைப்பொறிக்கு இன்றியமையாத உறுப்பொன்று காணாமற்போகவே, அவர் மேடையேற மறுத்தார். அவ்விடைவெளியை நிரப்பச் சாப்மனை மீண்டும் அழைத்தனர். ஒரு கித்தாரும் ஒரு குரலுமாக நின்று அவர் பாடியதை அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளிற் றொலைக்காட்சி வாயிலாகக் கண்டனர். அதன்பின் அத்தொகுதி ஐக்கிய நாடுகளிலும் இங்கிலாந்திலும் முதலிடம் எய்திற்று. மறு ஆண்டில் மூன்று கிராமி பரிசில்களும் வந்தன.

மறு ஆண்டே வெளிவந்த இரண்டாம் தொகுதி அதன் அருகிலும் நிற்கவில்லை; 1992-இல் வந்த மூன்றாவது இன்னும் தாழ்ந்தது. “ஒரு பாட்டோடு முடிந்தார்” எனப் பலரும் முடிவுகட்டினர். ஆயின் 1995-இல் வெளிவந்த நான்காம் தொகுதி ஐக்கிய நாடுகளில் 50 இலட்சம் சென்றது. முதல் தொகுதிக்கு அந்நாட்டிற் கிடைத்த சான்று 60 இலட்சமே. அப்பாலும் 2008 வரையில் நான்கு தொகுதிகள் தந்து, பிறகு ஆரவாரமின்றி ஒதுங்கி வாழ்ந்தார். 2023-இல் லூக் கோம்ப்ஸ் என்னும் நாட்டுப்புறப் பாணிப் பாடகர், சாப்மனின் முதற் பாட்டாகிய ‘ஃபாஸ்ட் கார்’ என்பதைத் தாம் பாடி வெளியிட, அது மீண்டும் நாடெங்கும் ஒலித்தது. அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டு நாட்டுப்புற இசைச்சங்கத்தார் வழங்கும் சிறந்த பாட்டுக்குரிய பரிசு, அதனை இயற்றிய சாப்மனுக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணி இவரே. முப்பத்தைந்து ஆண்டுகட்கு முன் செய்த பணி தன்னைச் செய்தாரைத் தேடி வந்து சேர்ந்தது.

மூன்றாவது வரலாறு லாரின் ஹில் என்பாரது. 1975-இற் பிறந்து நியூஜெர்சி மாகாணத்தில் வளர்ந்த இவர், ஃபியூஜீஸ் என்னும் குழுவிற் பாடிப் பெயர் பெற்றபின், தாமே தனித்துச் செய்த முதல் தொகுதியை 1998 ஆகஸ்டில் வெளியிட்டார். ‘தி மிஸெஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்’ என்பது அதன் பெயர். கார்ட்டர் உட்சன் என்னும் கறுப்பின வரலாற்றறிஞர், தம் மக்களுக்குப் புகட்டப்படும் கல்வி எங்ஙனம் பிழைபட்டது என விளக்கி 1933-இல் எழுதிய நூலின் பெயரை நினைவூட்டுவது அது. முதல் வாரத்திலேயே 4 இலட்சத்து 20 ஆயிரத்திற்கு மேற்பட்ட பிரதிகள் சென்றன. 1999-இற் கிராமி பரிசில் ஐந்து வந்தன. ஆண்டின் சிறந்த தொகுதி என்னும் தலைமைப் பரிசை ஹிப்-ஹாப் இசை பெற்றது அதுவே முதன்முறை. அப்பொழுது அவருக்கு அகவை இருபத்துமூன்று.

வெளிவந்த ஆண்டிலேயே, உடன் பணிசெய்த நான்கு இசைவாணர் தம் பங்கிற்குரிய பெயர் தரப்படவில்லையென வழக்கிட்டனர். 2001-இல் அது மன்றத்திற்கு வெளியே தீர்க்கப்பட்டது. 2002-இற் கித்தாரும் குரலுமாக மட்டும் அவையோர் முன் பாடிப் பதிந்த தொகுதியொன்று வந்தது. அதனை ஒருசாரார் போற்ற, ஒருசாரார் தூற்றினர். கூடத்திற் செய்யும் இரண்டாம் தொகுதியோ கால் நூற்றாண்டு கழிந்தபின்னும் வெளிவந்திலது. முதல் தொகுதியின் சிறப்புமட்டும் குன்றவில்லை. 2021-இல் ஒரு கோடிப் பிரதிக்குரிய சான்றைப் பெற்றது.

ஆசிரியத் தொழிலினராகிய எம் நெஞ்சைத் தொட்ட செய்தி ஒன்று அத்தொகுதியின் தொடக்கத்தில் உளது. பள்ளி மணி ஒலிக்கின்றது. ஆசிரியர் பெயர்ப்பட்டியல் படிக்கின்றார். மாணாக்கர் ஒவ்வொருவராக விடையிறுக்கின்றனர். லாரின் ஹில் என்னும் பெயர் வந்தபோது மட்டும் விடையில்லை. அன்று நாடகக் காட்சியாக அமைத்தது பின்னர் மெய்யாயிற்று. உலகம் ஆண்டுதோறும் அப்பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

இம்மூவர் வரலாற்றையும் ஒப்பு நோக்கின் காரணங்கள் சில தெளிவுறும். முதலாவது, காலம். முதல் தொகுதிக்குப் பிறந்த நாள் தொட்டு வாழ்ந்த வாழ்வெல்லாம் முதலாக நிற்கின்றது. அடுத்ததற்கு ஓராண்டோ ஈராண்டோதான் கிடைக்கின்றது. இரண்டாவது, பொருள். நிலவறையிலும் தெருவோரத்திலும் வாழ்ந்தார்க்குப் பாடவேண்டியவை நிரம்ப இருந்தன. புகழ் வந்தபின் அவ்வாழ்வே மாறிவிடுகின்றது. மூன்றாவது, ஒப்பந்தமும் வழக்கும். பணம் பெருகுமிடத்துப் பங்கு கேட்பாரும் பெருகுவர். நான்காவது, நல்வாய்ப்பு. வெம்பிளியிற் பிறர் பொறியின் உறுப்புத் தவறியது சாப்மனின் திறமையன்று; திறமை அங்கே ஆயத்தமாய் நின்றது என்பதே உண்மை. அத்தகைய மாலை ஒருவர் வாழ்வில் இருமுறை வருவது அரிது.

ஐந்தாவது காரணம் இசைவாணரிடத்து உள்ளதன்று, அளப்பாரிடத்து உள்ளது. நூறு மாணாக்கர்க்குத் தேர்வு வைத்து, அதில் முதலில் நின்ற ஒருவனை மட்டும் பிரித்தெடுத்து அடுத்த தேர்விலும் நோக்கின், பெரும்பாலும் அவன் சற்று இறங்கியே நிற்பான். அவன் மடியனானான் என்பது இதற்குப் பொருளன்று. முதல்நாள் அவனுடைய அறிவோடு, படித்த பகுதியே வினாவாக வந்தமை, உடல்நலம் குன்றாமை முதலிய நல்வாய்ப்புக்களும் கூடி நின்றன; மறுநாள் அறிவு மட்டும் நின்றது. மலையுச்சியில் நிற்பாரை மட்டும் பொறுக்கியெடுத்து, அடுத்த அடியை எங்கே வைக்கின்றார் என்று பார்ப்பின், அது தாழ்ந்த இடமாகவே இருக்கும்.

இதனை யாம் இப்பக்கங்களில் எழுதப் புகுந்தது ஏன்? சங்கங்கள் ஆண்டுதோறும் தேர்வில் முதன்மை பெற்ற சிறார்க்குப் பதக்கம் அளிக்கின்றன; பெயரையும் படத்தையும் வெளியிடுகின்றன. அது செய்யத்தக்கதே. ஆயின், அடுத்த ஆண்டில் அப்பிள்ளை இரண்டாமிடத்தோ பத்தாமிடத்தோ பெற்றால், அப்பதக்கத்தையே சுட்டி, “அன்று வாங்கினாயே, இன்று என்ன வந்தது?” என்று கேளாத இல்லங்கள் எத்தனை? பாராட்டாகத் தொடங்கிய பதக்கம் அன்றுமுதல் அப்பிள்ளையை அளக்கும் கோலாகின்றது. சில பிள்ளைகள் ஷோல்ஸைப்போற் பிறர் நெருக்குதலுக்கு எதிர்நின்று ஆண்டுகளை இழக்கின்றனர். சிலர் ஹில்லைப்போல் விடையிறுப்பதையே விட்டுவிடுகின்றனர். நொந்து வீட்டின் மூலையில் ஒடுங்கிய பிள்ளையை மீட்பது பெற்றோர்க்கு எளிதன்று.

ஆதலின், பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் யாம் வேண்டுவன இவை: முதல் வெற்றியை மனமாரப் பாராட்டுக, பாராட்டியபின் அதனைப் பெட்டியில் வைத்து மூடுக, அடுத்த முயற்சியை முன்னதோடு ஒவ்வாது, அதன் தகுதிக்கேற்ப மதிப்பிடுக, முதல் முயற்சிக்குக் கொடுத்த காலத்தை இரண்டாவதற்கும் கொடுக்க. சாப்மன் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தாழ்ந்தார், நான்காவதில் எழுந்தார். மூன்றாவதோடு நின்றிருப்பின் நான்காவது இல்லை. நம் பிள்ளைகட்கும் நான்காவது முயற்சி வரையிற் பொறுத்திருக்கும் பெரியோர் வாய்க்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.