புற்றுநோய் வலியும் நோயாளரின் நம்பிக்கைகளும்

புற்றுநோய் வலியைத் தணிக்க மருந்து கைக்கெட்டும் நிலையிலும், அதைக் கேட்கவோ சாப்பிடவோ விடாமல் தடுக்கும் நம்பிக்கைகள் நோயாளரிடமும் குடும்பத்தாரிடமும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சாண்ட்ரா வார்டு குழுவினர் 1993-இல் இவற்றை அளக்க ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டனர். மருந்துக்கு அடிமையாவோம், பழகிவிட்டால் பின்னால் கேட்காது, வலியைச் சொன்னால் மருத்துவரின் கவனம் நோயிலிருந்து விலகும், எல்லாம் விதி என்பன அதிலுள்ள எட்டுக் கவலைகளில் சில.

ஊசிக்கு அஞ்சுவதும் அந்த எட்டில் ஒன்று. தமிழ்நாட்டிலோ ‘ஊசி போட்டால்தான் கேட்கும்’ என்று மாத்திரையைக் குறைத்து மதிப்போரும் பலர். நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாமல் மறைக்கும் வழக்கமும் இங்குண்டு. பெயரே தெரியாதவர் வலி கூடுவதைப் பற்றி மனம்விட்டுப் பேசுவது கடினம். கன்னியாகுமரி மாவட்டத்தின் அஞ்சுகிராமம் வட்டாரத்திலிருந்து நாகர்கோவிலுக்கோ நெய்யூருக்கோ திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ செல்பவருக்கு, மருத்துவரைப் பார்க்கக் கிடைக்கும் சில நிமிடங்களில் வலி கடைசிப் பேச்சாகிவிடக்கூடும்.

இந்த நம்பிக்கைகளில் மிகுந்த கேடு செய்வது மார்பின் (morphine) என்ற வலிமருந்தைப் பற்றிய அச்சமே. ‘அது சாகப்போகிறவர்களுக்குக் கொடுப்பது’ என்ற எண்ணம் வெறும் அறியாமையால் வந்ததன்று. 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் உரிம நடைமுறைகளுக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்பினை வாங்குவதையே தவிர்த்தன. கிடைத்த இடங்களிலும் அது காலம் கடந்தே எழுதப்பட்டது. பார்த்தவர்கள் மருந்தையும் மரணத்தையும் முடிச்சிட்டார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம முறை எளிதான பிறகும் அந்த அச்சம் நீங்கவில்லை.

உண்மையில் மார்பின் தேவைப்படுவதைத் தீர்மானிப்பது வலியின் கடுமைதான். ஆயுள் கணக்கு அன்று. வலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்பவர் அடிமையாவது அரிது. பல நாள் உட்கொண்டதைத் திடீரென நிறுத்தினால் உடல் தவிக்கும்; அது அடிமைத்தனமாகாது, அளவைப் படிப்படியாகக் குறைத்தால் போதும். வலி கூடும்போது அளவையும் கூட்டலாம் என்பதால், பிற்காலத்துக்கென்று இன்றே பல்லைக் கடித்துப் பொறுக்கத் தேவையில்லை. குமட்டலும் மயக்கமும் பெரும்பாலும் சில நாளில் தணியும். மலச்சிக்கல் தணியாது, ஆகவே மலமிளக்கியும் தொடக்கத்திலேயே சேர்த்துத் தரப்படும்.

மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோதான். அவர் பயந்தால் வேளை தவறும், அளவு குறையும். ஆதலால் 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் போன்ற, வீடு தேடி வரும் வலித்தணிப்புப் பராமரிப்பில் நோயாளியிடம் பேசுவதைப் போலவே மாத்திரை கொடுப்பவரிடமும் பேசுவது முக்கியமாகிறது.