திரையில் பேய், இல்லத்தில் அச்சம்

பேய்ப் படங்களை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் பலர். ஆயினும் அவற்றின் வரலாற்றை ஊன்றி நோக்குங்கால், பகலில் பெண் வெளியே சொல்லாது விழுங்கிய அச்சங்களே திரையேறியுள்ளன என்பதை நாம் உணர்கிறோம்.

1938இல் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய 'கேஸ் லைட்' நாடகம், 1944இல் ஹாலிவுட்டில் திகில் படமாயிற்று. அதில் பேய் இல்லை, கணவன் இருக்கிறான். மேல்மாடத்தில் அவன் களவாக நகை தேடும்போதெல்லாம் மனைவியின் அறையில் விளக்கொளி மங்குகிறது. அதைக் காணும் அவளோ, தன் சித்தமே கலங்கிவிட்டதென நம்பும்படி ஆட்டுவிக்கப்படுகிறாள். ஒருவரைத் தம் அறிவையே ஐயுறச் செய்யும் கொடுமைக்கு அப்படத்தின் பெயரே இன்று ஆங்கிலத்தில் வழங்குகிறது.

ஐரா லெவினின் நாவலைத் தழுவி 1968இல் வந்தது 'ரோஸ்மேரிஸ் பேபி'. நடிகனான கணவன் தன் உயர்வுக்காக, சாத்தானை வழிபடும் அண்டை வீட்டாருக்கு மனைவியின் கருப்பையை விலைபேசுகிறான். மயக்கமருந்து உண்டு கிடந்தவள் காலையில் உடலிற் கீறல்களைக் காண்கிறாள். உறங்கும்போது தானே கூடியதாக அவன் இயல்பாகச் சொல்கிறான். மனைவியை அவள் இசைவின்றிக் கூடுவதை அன்று அமெரிக்கச் சட்டமும் குற்றமாகக் கொள்ளவில்லை. 1993இல்தான் ஐம்பது மாநிலங்களிலும் ஏதேனுமொரு வகையில் அது குற்றமாயிற்று.

கருவுற்றவளின் வலியை மருத்துவர் பொருட்படுத்தவில்லை. நூல் படிக்கவும் தோழியர் சொற்கேட்கவும் தடை விதிக்கிறார். தப்பியோடி வேறொரு மருத்துவரிடம் முறையிடுகிறாள். அவரோ பரிவுடன் கேட்டுவிட்டு, அவளைக் கணவனிடமே ஒப்படைக்கிறார். சாத்தானைவிட நம்மை நடுங்கவைப்பவர் இவரே. இவர் தீயவரல்லர், ஒரு பெண்ணின் சொல்லை நம்பாதவர், அவ்வளவே.

இவற்றைப் பெண்ணியப் படைப்புகள் எனலாமா? ஆக்கியோர் ஆடவர். 'ரோஸ்மேரி'யின் இயக்குநர் ரோமன் போலன்ஸ்கியோ, 1977இல் 13 வயதுச் சிறுமியுடன் சட்டவிரோதமாகப் பாலுறவு கொண்ட குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1978இல் தண்டனை விதிக்கப்படுமுன் அமெரிக்காவை விட்டு ஓடியவர். எனவே ஆக்கியோர் நெஞ்சில் பெண்ணியம் இருந்ததென நாம் வாதிடவில்லை. கண்ணாடியைச் செய்தவர் எவராயினும், அதில் தெரியும் முகம் மெய்யானது என்கிறோம்.

பாபக் அன்வரி 2016இல் பாரசீக மொழியில் எடுத்த 'அண்டர் த ஷேடோ', போர்க்காலத் தெஹ்ரானைக் காட்டுகிறது. மருத்துவக் கல்வியைத் தொடர அனுமதி மறுக்கப்பட்ட தாயொருத்தி, ஜின்னுக்கு அஞ்சி மகளுடன் நள்ளிரவில் தெருவுக்கு ஓடுகிறாள். அங்கே அடைக்கலம் கிட்டவில்லை. தலையை மூடாது வந்தாளெனக் காவலர் கைது செய்கின்றனர்.

பேய் உண்டா இல்லையா என வாதிடுமுன், நம் இல்லத்துப் பெண்கள் அச்சமென்று சொன்னபோது செவிசாய்த்தோமா என எண்ணிப் பார்ப்போமாக!