லிங்கன் கான்டினென்டல் (2017–2020): கார் ஆர்வலர்களின் வரவேற்பும் வாதமும்

லிங்கன் கான்டினென்டல், அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தன் சொகுசுக் கார் பிரிவான லிங்கனின் பெயரில் 2016 முதல் 2020 வரை தயாரித்த பெரிய செடான். 2002இல் கைவிடப்பட்ட பெயரை மீட்டுக்கொண்டு வந்த இது, அந்தப் பெயரில் வந்த பத்தாம் தலைமுறைக் கார். விற்பனையில் இது பெரிதாகச் சாதிக்கவில்லை. கார் பிரியர்களிடையே கிளம்பிய வாதத்துக்கோ குறைவில்லை. ஓட்டிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இது மோசமான கார் என்று சொல்லவில்லை. கான்டினென்டல் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ள இதற்குத் தகுதி உண்டா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

பெயரின் சுமை

ஹென்றி ஃபோர்டின் மகன் எட்ஸல் ஃபோர்டு, 1939இல் ஃப்ளோரிடா மாநிலத்துப் பாம் பீச்சில் விடுமுறையைக் கழிக்கத் தனக்கென ஒரு கார் வேண்டும் என்றார். வடிவமைப்பாளர் பாப் கிரெகோரி, லிங்கன் ஸெஃபிர் காரைத் தாழ்த்தி, பானெட்டை நீட்டி, உதிரிச் சக்கரத்தை டிக்கிக்கு வெளியே நிமிர்த்தி வைத்து ஒன்றைச் செய்து கொடுத்தார். பார்த்தவர்களெல்லாம் தமக்கும் ஒன்று கேட்டதால் அது விற்பனைக்கு வந்தது. 1951இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களைத் தேர்ந்தெடுத்துக் காட்சிக்கு வைத்தபோது, 1941ஆம் ஆண்டுக் கான்டினென்டலும் அவற்றில் ஒன்று.

ஆனாலும் கான்டினென்டல் என்றதும் ஆர்வலர்கள் மனத்தில் வந்து நிற்பது 1961ஆம் ஆண்டு மாடல்தான். எல்வுட் எங்கெல் தலைமையில் வரையப்பட்ட அந்த வடிவம் முதலில் தண்டர்பேர்டு காருக்காகத் தயாரானது. வால்துடுப்பும் குரோமியப் பட்டைகளும் கொடிகட்டிப் பறந்த காலத்தில், கோடு இழுத்தாற்போன்ற தட்டையான பக்கங்களோடு வந்த கார் அது. பின்கதவுகளின் கீல் பின்பக்கம் இருக்கும். முன்கதவும் பின்கதவும் அலமாரிக் கதவுகள் போல எதிரெதிர்த் திசையில் திறக்கும். ஒவ்வொரு எஞ்சினையும் மூன்று மணி நேரம் ஓட்டிச் சோதித்த பிறகே காரில் பொருத்தினார்கள். மற்ற நிறுவனங்கள் ஓராண்டு உத்தரவாதம் கொடுத்த காலத்தில் லிங்கன் இரண்டு ஆண்டு அல்லது 24,000 மைல் கொடுத்தது. 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டபோது அவர் அமர்ந்திருந்ததும் இந்த மாடலை நீட்டிச் செய்த திறந்த கார்தான். அது இன்று டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பின்னால் வந்த கான்டினென்டல்களை ஆர்வலர்கள் பேச்சில் எடுப்பதில்லை. 1988 முதல் 2002 வரை வந்தவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. அவற்றில் முதல் தலைமுறை ஃபோர்டு டாரஸ் என்ற நடுத்தரக் குடும்பக் காரின் பிளாட்ஃபார்மை நீட்டிச் செய்தது. ‘இது பழைய கான்டினென்டல் இல்லை’ என்று பின்னாளில் எழுந்த குரல்கள் இந்தப் பதினைந்து வருடச் சரித்திரத்தை வசதியாக மறந்துவிட்டன.

கான்செப்ட் காரும் பென்ட்லி சர்ச்சையும்

2007 வாக்கில் லிங்கன் தன் கார்களில் பலவற்றின் பெயர்களை எம்.கே.எஸ்., எம்.கே.இசட்., எம்.கே.எக்ஸ். என்று எழுத்துகளாக மாற்றிவிட்டது. எது எந்தக் கார் என்று அந்தக் கார்களை விற்பவர்களே தடுமாறிய காலம் அது. 2015 வசந்தத்தில் நியூயார்க் கார் கண்காட்சியில் ‘கான்டினென்டல் கான்செப்ட்’ திரைவிலகியபோது, முதல் கைதட்டல் பெயர் திரும்பியதற்காகவே எழுந்தது. லிங்கன் பிரிவின் தலைவர் அப்போது இந்தியாவில் பிறந்த குமார் கல்ஹோத்ரா. வடிவமைப்புப் பொறுப்பு டேவிட் வுட்ஹவுஸ் கையில் இருந்தது.

கைதட்டல் அடங்குவதற்குள் சர்ச்சை கிளம்பியது. சொகுசுக் கார் நிறுவனமான பென்ட்லியின் அப்போதைய வடிவமைப்புத் தலைவர் லுக் டோன்கர்வோல்க், அந்தக் கார் தங்கள் ஃப்ளையிங் ஸ்பர் காரின் நகல் என்று வெளிப்படையாகவே சீண்டினார். தயாரிப்பு அச்சுகளையும் அனுப்பி வைக்கட்டுமா என்ற தொனியில் இருந்தது அவர் கேள்வி. ஆர்வலர்கள் இரு கட்சியானார்கள். பக்கவாட்டுக் கோட்டையும் பின்சக்கரத்துக்கு மேலே எழும் மடிப்பையும் காட்டி ஒரு தரப்பு பென்ட்லிக்காரர் பக்கம் நின்றது. வலைப்பின்னல் கிரில்லும் பெரிய செடான் உடலும் யாருடைய சொத்தும் அல்ல என்றது மறுதரப்பு. கான்டினென்டல் என்ற பெயரை பென்ட்லியும் 1952 முதல் வைத்திருக்கிறது என்பதையும், லிங்கன் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது என்பதையும் யாரோ ஒருவர் நினைவூட்டாமல் அந்தச் சண்டை முடிந்ததில்லை. முன்பக்கத்தைப் பார்த்தால் சாயல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சொந்த முகம் எது என்று முடிவு செய்ய முடியாமல் பல வருடம் கிரில்லை மாற்றிக்கொண்டே இருந்த நிறுவனத்துக்கு, அந்தக் கிரில்தான் ஒரு நிலையான முகத்தைக் கொடுத்தது.

விற்பனைக்கு வந்த கார்

2016 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் இறுதி வடிவம் வெளியானது. மஸ்டாங் தயாராகும் மிஷிகன் மாநில ஃப்ளாட் ராக் ஆலையிலேயே இதுவும் தயாரானது. விலை 45,000 டாலரை ஒட்டித் தொடங்கியது. மூன்று வி6 எஞ்சின்கள் கிடைத்தன. உச்சியில் இருந்த 3.0 லிட்டர் இரட்டை டர்போ 400 குதிரைத்திறன் தந்தது.

ஆர்வலர்களின் பெரிய குறை பிளாட்ஃபார்ம். ஃபோர்டு ஃபியூஷன், லிங்கன் எம்.கே.இசட். ஆகியவற்றைத் தாங்கிய அதே முன்சக்கர இயக்க அடித்தளத்தின் மேல்தான் இந்த 5.1 மீட்டர் காரும் நின்றது. இந்தக் குறையை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. முன்சக்கர இயக்கத்தில் எஞ்சின் குறுக்காக அமர்ந்து, முன் அச்சுக்கு முன்னால் தள்ளி நிற்கும். அதனால் முன்சக்கரம் கதவை நோக்கி நெருங்குகிறது; மூக்கு முன்னே துருத்துகிறது. மெர்சிடீஸ் எஸ் கிளாஸ் போன்ற பின்சக்கர இயக்கக் கார்களில் முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையே ஒரு கை அகலத்துக்கு மேல் வெற்றுத் தகடு தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், ‘பெரிய இடத்துக் கார்’ என்ற எண்ணத்தைத் தருவது அந்த இடைவெளிதான். கான்டினென்டலில் அது குறைவு. ஆல் வீல் டிரைவ் தேர்வு இருந்தும் இந்த உடல்வாகு மாறவில்லை. போட்டியாளர்கள் எட்டு கியருக்குப் போன பிறகும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கே தொடர்ந்தது, கியர் மாற்ற லீவர் இல்லாமல் திரையோரம் பட்டன்கள் அடுக்கியது, வி8 இல்லாதது என்று குறைப்பட்டியல் நீண்டது. வி8 இல்லாத வருத்தம் 2011இல் நிறுத்தப்பட்ட லிங்கன் டவுன் கார் மாடலின் பிரியர்களுக்குத்தான் அதிகம்.

உள்ளே ஏறியவர்களின் குரல் வேறு மாதிரி இருந்தது. 30 வகையில் சரிசெய்துகொள்ளும் முன் இருக்கை பரவலாகப் பாராட்டப்பட்டது. தொடையைத் தாங்கும் பகுதி இடதுகாலுக்கும் வலதுகாலுக்கும் தனித்தனியாக நீளும்; ஆக்சிலரேட்டர் மிதிக்கும் காலை ஒரு அளவிலும் சும்மா இருக்கும் காலை வேறு அளவிலும் வைத்துக்கொள்ளலாம். 19 ஒலிபெருக்கிகள் கொண்ட ரெவல் ஆடியோ, வெளியோசை நுழையாத கேபின், மசாஜ் செய்யும் பின்னிருக்கை ஆகியவற்றுக்கும் நல்ல பெயர்.

கதவுக் கைப்பிடி மட்டும் தனிக்கதை. சன்னலுக்குக் கீழே ஓடும் குரோமியப் பட்டையோடு சேர்ந்தே அது வார்க்கப்பட்டிருக்கும், இழுத்தால் அசையாது. பின்னால் விரலை நுழைத்துச் சுவிட்சைத் தொட்டால் மின்மோட்டார் தாழை விடுவிக்கும். மூடும்போது லேசாகத் தள்ளினால் போதும், மீதியைக் கார் தானே இழுத்துக்கொள்ளும். புதிதாக ஏறுபவர் வழக்கமான இடத்தில் கைப்பிடியைத் தேடித் துழாவுவது கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன வேடிக்கை. பிற்பாடு இந்த மின்தாழில் கோளாறு கண்டறியப்பட்டு, விற்ற கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தபோது, குறை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சான்று கிடைத்தது.

விற்பனையும் காரணமும்

அமெரிக்காவில் 2017இல் சுமார் 12,000 கார்கள் விற்றன. 2019இல் அது 7,000க்கும் கீழே வந்தது. பின்சக்கர இயக்கம் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கும் என்பது ஆர்வலர்களிடையே ஏறக்குறைய ஒரு நம்பிக்கையாகவே ஊன்றிவிட்டது. ஆனால் கண்ணெதிரே மறுசான்று இருக்கிறது. கேடிலாக் சி.டி.6, ஆர்வலர்கள் கேட்ட எல்லாவற்றோடும் அதே 2016இல் சந்தைக்கு வந்தது: தனியாக உருவாக்கிய பின்சக்கர இயக்கப் பிளாட்ஃபார்ம், எட்டு கியர், பின்னர் புத்தம்புதிய வி8. அதன் அமெரிக்கத் தயாரிப்பும் 2020 தொடக்கத்தில் நின்றுபோனது. வாங்குபவர்கள் கூட்டம் கூட்டமாக எஸ்.யு.வி. பக்கம் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. எந்தச் சக்கரம் காரை நகர்த்துகிறது என்று அவர்கள் கேட்கவில்லை. 2018 ஏப்ரலில் ஃபோர்டு வட அமெரிக்காவில் கிட்டத்தட்ட எல்லாச் செடான்களையும் கைவிடுவதாக அறிவித்தது. லிங்கன் பெரிதும் நம்பிய சீனாவும் அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவிலிருந்து வரும் கார்களுக்கு 40 சதவீத வரி போட்டது. காரின் தோற்றத்தைப் பற்றி ஆர்வலர்கள் சொன்னது சரி. தோல்வியைப் பற்றிச் சொன்னது சரியில்லை.

கோச் டோர் பதிப்பு

2015 முதலே எல்லோரும் கேட்டது 1961 மாடலின் அந்த எதிரெதிர்க் கதவுகளை, அதாவது கோச் டோர்களை. 2018 டிசம்பரில் லிங்கன் அதைக் கொடுத்தது. முதல் கான்டினென்டலின் 80ஆம் ஆண்டை ஒட்டி 80 கார்கள் மட்டும். ஆலையிலிருந்து வந்த காரை மாசசூசெட்ஸில் உள்ள கேபட் கோச் பில்டர்ஸ் அறுத்து, வீல்பேஸை ஆறு அங்குலம் நீட்டி, பின்கதவுகளைப் பின்பக்கக் கீலில் மாட்டியது. விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியும் அறிவித்த சில நாட்களிலேயே அத்தனைக்கும் ஆள் கிடைத்துவிட்டது. 2020க்காக இன்னொரு சிறு தொகுதியும் வந்தது. அடியில் இருந்ததோ அதே முன்சக்கர இயக்கப் பிளாட்ஃபார்ம்தான். இத்தனை வருடமாக அதைத் திட்டியவர்களில் பலர் இந்தப் பதிப்பைப் பார்த்ததும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கடைசிக் கான்டினென்டல் 2020 அக்டோபர் இறுதியில் ஃப்ளாட் ராக்கிலிருந்து வெளியேறியது. அதன்பின் அமெரிக்காவில் லிங்கன் எஸ்.யு.வி. மட்டுமே விற்கிறது. செடான் கேட்கும் சீன வாடிக்கையாளர்களுக்காக லிங்கன் இசட் என்ற ஒன்றை 2022இல் அங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கியது. அதுவும் முன்சக்கர இயக்கம்தான்.