டாப்கேட்: விண்மீன் பட்டியல்களைப் பார்க்கும் மென்பொருள்

டாப்கேட், வானியல் பட்டியல்களைத் திறந்து பார்க்கவும் ஆராயவும் உதவும் இலவச மென்பொருள். எழுதியவர் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் டெய்லர்.

அச்சுக் காலத்தில் பட்டியல் என்றால் புத்தகம்தான். ஹென்றி டிரேப்பர் பட்டியலின் 2,25,300 விண்மீன்கள் 1918 முதல் 1924 வரை ஒன்பது தொகுதிகளாக வெளிவந்தன. கணினி வந்ததும் எண்கள் காந்த நாடாவில் ஏறின. ஆனால் எந்த எண் எதைக் குறிக்கிறது, அதன் அலகு என்ன என்ற விளக்கம் உடன் வராவிட்டால் அந்த நாடாவால் பயனில்லை. 1972இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் தொடங்கிய தரவு மையம் இந்தக் குறையைத் தீர்க்கப் பொறுமையாக உழைத்தது. ஒவ்வொரு அட்டவணைக்கும் நெடுவரிசை வாரியாக விளக்கக் கோப்பு எழுதிச் சேர்த்தது. பட்டியல்களைத் தேடித் தரும் அதன் விசியர் சேவை 1996இல் இணையத்துக்கு வந்தது. தரவையும் விளக்கத்தையும் ஒரே கோப்பில் வைக்கும் விஓடேபிள் வடிவம் 2002இல் உருவானது. பட்டியல்களைப் பார்க்கும் மென்பொருள்கள் வளர இது உதவியது.

பிரிட்டனில் 1980இல் தொடங்கிய ஸ்டார்லிங்க் என்ற வானியல் கணினித் திட்டத்தில் டாப்கேட் பிறந்தது. திட்டம் 2005இல் மூடப்பட்ட பிறகும் டாப்கேட்டின் வளர்ச்சி நிற்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் புனேயின் ஐயூக்கா வானியல் மையமும் பெர்சிஸ்டன்ட் சிஸ்டம்ஸ் நிறுவனமும் சேர்ந்து விஓபிளாட் என்ற வரைபட மென்பொருளை உருவாக்கின.

டாப்கேட்டின் பெரிய பலம், ஒரு படத்தில் தேர்ந்தெடுத்தவை மற்றப் படங்களிலும் தெரிவது. கார்த்திகை விண்மீன் கூட்டம் இருக்கும் வானப்பகுதியின் விண்மீன்களை எடுத்து, அவை வானில் நகரும் வேகத்தையும் திசையையும் வரைபடமாக்கினால், கூட்டத்தின் உறுப்பினர்கள் தனியே ஒரு திட்டாகத் திரள்வார்கள். அந்தத் திட்டைச் சுட்டியால் வளைத்தால் போதும். நிறத்துக்கும் ஒளிர்வுக்குமான படத்தில் அதே விண்மீன்கள் ஒரு மெல்லிய வளைகோடாக எழும். தற்செயலாக அதே திசையில் தெரியும் மற்ற விண்மீன்களில் பெரும்பாலானவை விலகிவிடும். இரு பட்டியல்களை ஆயங்களால் பொருத்தி, இரண்டிலும் உள்ள ஒரே பொருளைக் கண்டறியவும் முடியும்.

1997இல் வெளிவந்த, ஹிப்பார்கஸ் விண்கலத்தின் பட்டியலில் 1,18,218 விண்மீன்களே இருந்தன. 2022இல் வெளிவந்த, கையா விண்கலத்தின் பட்டியலில் ஏறத்தாழ 180 கோடிப் பதிவுகள். அதை முழுதாக ஒரு மடிக்கணினியில் இறக்க முடியாது. ஆனால் தரவகத்துக்கே வினவலை அனுப்பி, வேண்டிய வரிசைகளை மட்டும் பெறும் வசதி டாப்கேட்டில் உண்டு. ஜாவா உள்ள எந்தக் கணினியிலும் இது ஓடும். மென்பொருளும் கையா தரவும் கட்டணமின்றிக் கிடைப்பதால், கல்லூரி மாணவரும் இன்றே தொடங்கலாம்.